அடுத்த பெட்டியில்தான் இருக்கிறேன்

பயத்தோடு வாழக் கற்றுக்கொடுப்பது என் தொழில். மாட்டுங்காவில் ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேலே மாடியறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, சுவரில் சான்றிதழ். கீழே கொட்டை வறுபடும் வாசனை நாள் முழுக்க மேலே வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்களுக்குப் பாதி பாரம் அந்த வாசனையிலேயே இறங்கிவிடும். மீதிக்குத்தான் நான்.

ரயிலில் ஏறப் பயம், லிஃப்டில் பயம், மேம்பாலத்தில் பயம் என்று பல பேர் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, எல்லாம் புரிந்தவனைப்போலத் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டியவன் ஒன்பது வருடமாக லோக்கல் ரயிலில் ஏறியதில்லை என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அது சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் ஆரம்பித்தது. காலை நேர நெரிசல். முன்னால் நின்றவருடைய டிபன் பை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. திடீரென்று நெஞ்சு அடைத்தது, விரல்கள் மரத்தன, செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். உடனே அடுத்த நினைப்பு வந்தது. இந்தக் கூட்டத்தில் செத்தால் கீழே விழக்கூட இடமில்லையே, தானே வரை நின்றபடியேதான் பிணமாகப் போகவேண்டும். குர்லாவில் கூட்டமே என்னைத் தூக்கி வெளியே போட்டது. அன்றைக்கே மூன்று இடத்தில் ஈசிஜி எடுத்தேன். மூன்றிலும் என் இதயம் என்னைவிடப் பொறுப்பாக நடந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பார்த்த இளம் டாக்டர், "என்ன வேலை செய்யறீங்க? டென்ஷனா?" என்று கேட்டார். மனநல ஆலோசகர் என்று சொல்ல வாய் வரவில்லை. "பாங்க்" என்றேன்.

அந்தப் பொய்யிலிருந்தே என் சரித்திரத்தைக் கணக்கு வைக்கலாம். அதற்குப் பிறகு செம்பூர் வீட்டிலிருந்து மாட்டுங்காவுக்குப் பஸ், பஸ் இல்லாவிட்டால் டாக்ஸி. கேட்கிறவர்களுக்கு முதுகுவலி. என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். அவளிடம் முதுகுவலி செல்லாது, தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் ஏற்றுக்கொள்ளுதலை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையில் பயிற்சிக்குப் போனேன். அதன் சாரம் சுலபமாகச் சொல்லக்கூடியது. பயத்தை விரட்டாதே, விரட்டினால் அது பெருகும். அது இருந்துவிட்டுப் போகட்டும். நீ எங்கே போகவேண்டுமோ அங்கே அதையும் ஏற்றிக்கொண்டு போ. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! புத்தகத்தைப் படித்துவிட்டு, எனக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து, டாக்ஸியில் வீட்டுக்குப் போனேன்.

பயிற்சி ஒரு சனி ஞாயிறு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு இருபது பேர். நடத்தியவர் ஒரு மராத்தி அம்மாள். குரலை உயர்த்தவே மாட்டார், அதனால் இன்னும் பயமாக இருக்கும். அடுத்தவருக்குக் கொடுக்கும் எந்தப் பயிற்சியையும் முதலில் நீங்களே செய்துபார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். "ஒரே ரயிலில்தான் இரண்டு பேரும் நிற்கிறோம். உங்களுக்கு மட்டும் சீட் கிடைத்துவிட்ட மாதிரி நடிக்காதீர்கள்" என்றார். ரயில் என்று அவர் சொன்னதுமே எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து, உங்களை மிகவும் அச்சுறுத்தும் நினைப்பு எதுவோ அதை எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் 'நான் கெட்ட தாய்' என்று எழுதிக் குத்திக்கொண்டாள். எதிரே ஒரு பெரியவர் 'நான் போலி' என்று எழுதினார். நான் 'மதியச் சாப்பாட்டில் குலாப் ஜாமூன் தீர்ந்துவிடும்' என்று எழுதிக் குத்திக்கொண்டேன். அறையே சிரித்தது. கெட்ட தாய்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தேநீர் இடைவேளையில் அந்த அம்மாள் என்னிடம் வந்து இன்னொரு அட்டையை நீட்டினார். "ஜோக் நன்றாக இருந்தது. இது உண்மையானதற்கு. இப்போது வேண்டாம், எழுத வரும்போது எழுதுங்கள். எழுத வராவிட்டால் எனக்கு போன் பண்ணுங்கள்."

அந்த வெற்று அட்டையை பர்ஸில் வைத்தேன். ஜாமூன் நிஜமாகவே தீர்ந்துபோயிருந்தது, அதையும் ஒரு ஜோக்காகச் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு அம்மா சிகிச்சைக்கு வந்தார். தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயது, திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். பட்டறையில் நான்கு மெஷின், அவருடைய வாய் ஐந்தாவது. ஒரே மகளை அம்பர்நாத்தில் கட்டிக்கொடுத்திருந்தார், மருமகனுக்கு அங்கே பாக்டரி வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளைப் பார்க்கப் போனபோது, தானே தாண்டிப் பாலத்தின்மேல் ரயில் முக்கால் மணிநேரம் நின்றுவிட்டது. கீழே தண்ணீர், உள்ளே நெரிசல், அவருக்கு மூச்சு நின்றுவிடும்போல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து ரயிலே கிடையாது. மகள்தான் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மகளுக்கு ஏழாம் மாதம்.

"டாக்ஸியில போகலாமேம்மா?" என்று கேட்டேன், அந்தத் துறையில் நிபுணன் என்ற முறையில்.

"புள்ளைக்கு வலி எடுத்துட்டுன்னு போன் வரும். நான் டாக்ஸில ஏறி முலுண்ட் சிக்னல்ல ரெண்டு மணி நேரம் நிக்கவா? பேரன் பள்ளிக்கூடம் போவயிலதான் போயிச் சேருவேன்." பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், இந்தப் பயத்த எடுத்து விட்டுருவீயளா?"

"நான் டாக்டர் இல்லம்மா. பயத்தை எடுக்கவும் மாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதையும் கூட்டிக்கிட்டு அம்பர்நாத் போவோம்."

"அதுக்குத் தனியா டிக்கெட் எடுக்கணுமா?"

இவர் என் ஜாதி என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வேடிக்கை பேசிப் பயத்தை மறைக்கிற ஜாதி. ஆனால் அவர் மறைக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கவேண்டும். அவர் பயத்தைச் சொல்லிவிட்டு வேடிக்கை பேசினார். நான் வேடிக்கை பேசிச் சொல்லாமலே விட்டவன்.

எட்டு வாரம் வந்தார். நினைப்பு ஒன்று வந்து மிரட்டினால் அதை வேறு குரலில் சொல்லிப் பார்க்கும் பயிற்சி உண்டு. அவர் ஸ்டேஷன் அறிவிப்புப் பெண்ணின் குரலைப் பிடித்துக்கொண்டார். "பயணிகளின் கவனத்திற்கு. சயான் ஸ்டேஷன்லேர்ந்து கெளம்புன மூச்சு, நாப்பது நிமிஷம் லேட்டா வருது. தடங்கலுக்கு வருந்துதோம்." கீழே காப்பிப்பொடிக் கடைக்காரர் மாடிப்படியில் ஏறி வந்து என்ன சத்தம் என்று பார்த்துவிட்டுப் போனார். அட்டையில் நினைப்பை எழுதச் சொன்னேன். 'மூச்சு நின்னுரும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடுத்த வாரம் பார்த்தால் அதைக் கைப்பையின் உள்துணியில் வைத்துச் சுற்றிலும் மெஷின் தையல் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "கூட்டிட்டுப் போவணும்னு சொன்னீயல்ல? எங்க போனாலும் கூட வரும். தையல் விடாது."

பயம் ஏறும்போது காதைத் திறந்து வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தேன். பக்கத்தில் என்ன சத்தம், தூரத்தில் என்ன சத்தம், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணவேண்டும். அவர் அதில் வெகு சீக்கிரம் தேறிவிட்டார். நான்கு மெஷின் ஓடும்போது எதில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று கேட்டே சொல்லக்கூடியவர். அந்தக் காதைத்தான் நான் தீட்டிவிட்டேன்.

கடைசிப் படி, நிஜ ரயில். "நீங்க கூட வருவீயள்ல?" என்று கேட்டார். வருவேன் என்றேன். பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பது, குர்லா வரை போய்வருவது என்று படிப்படியாகத்தான் போகவேண்டும், என் நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் உள்ளேயே பழகலாம்" என்று தள்ளிப்போட்டவன் நான்தான். தள்ளித் தள்ளி, பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரே மூச்சில் அம்பர்நாத் என்று ஆகிவிட்டது.

முதல்நாள் மனைவி கேட்டாள். "ஏன்னா, நீங்க ட்ரெயின்ல ஏறி ஒம்பது வருஷம் ஆச்சுன்னு அந்த அம்மாகிட்ட சொன்னேளா?"

"பேஷண்ட்கிட்ட அதெல்லாம் சொல்லப்படாது. தொழில் தர்மம்."

"உங்க தர்மமெல்லாம் டாக்ஸிக்காரனுக்குத்தான் தெரியும். வேற யாராவது பொம்மனாட்டி டாக்டரை அனுப்புங்கோளேன்."

அனுப்பியிருக்கலாம். பயிற்சி கொடுத்த அம்மாளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவரே வந்திருப்பார். போட்டால் அட்டையைக் காட்டவேண்டும். போடவில்லை.

சயான் ஸ்டேஷன், மதியம் இரண்டு மணி, அம்பர்நாத் போகும் ஸ்லோ வண்டி. அவர் லேடீஸ் பெட்டியில்தான் ஏறுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார், ஆம்பளைகள் பெட்டியில் நசுங்குவது அவரால் முடியாது. ஆகவே அவர் லேடீஸில், நான் ஒட்டியுள்ள ஜெனரலில், இருவர் காதிலும் போன் இணைப்போடு இயர்போன், நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இந்த ஏற்பாடு பேசி முடிந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. என் முகம் அவர் கண்ணில் படாது. அந்த நிம்மதியை அன்றைக்கே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

"என்ன டாக்டர், இப்படி வேர்க்கு?"

"அக்டோபர் வெயில்மா."

"எனக்கு அடுத்த பொட்டிதான?"

"அடுத்த டப்பாதான். தட்டினா கேக்கும்."

வண்டி வந்தது. அவர் பிள்ளைபெற்றவளுக்கான காயப்பொடியும் பழந்துணியும் நிறைந்த பெரிய பையோடு ஏறினார். நானும் ஏறினேன். ஏறினேன் என்பதை யாரும் மறுக்கமுடியாது. கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு இடிப்பதை ஏற்றுக்கொண்டு, உள்ளங்கை வேர்வையை ஏற்றுக்கொண்டு, விரல் மரப்பதை ஏற்றுக்கொண்டு நின்றேன். ஏற்றுக்கொள்ளும் திறனெல்லாம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. குர்லாவில் கால் முதலில் இறங்கியது. உடம்பில் மீதி இருந்ததெல்லாம் மரியாதைக்காகப் பின்னால் போனது.

திரும்ப ஏறிவிடலாம் என்று நினைப்பதற்குள் வண்டி நகர்ந்தது. லேடீஸ் பெட்டி என்னைக் கடந்து போயிற்று. காதில் அவர் குரல்.

"டாக்டர், குர்லா போயாச்சு. இருக்கியளா?"

எனக்கு அங்கே ஒரு மூச்சு நேரம் இருந்தது. 'எனக்குப் பயம் வந்துடுச்சும்மா, இறங்கிட்டேன், ஆனா போனை வைக்கமாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எட்டு வாரம் அவருக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

"இருக்கேன்மா. அடுத்த டப்பாலதான் இருக்கேன்."

குர்லா பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். இறங்கியதும் நெஞ்சு சாதுவாக அடங்கிவிட்டது, துரோகி. கடிகாரத்தைப் பார்த்து ஸ்டேஷன்களை ஒப்பிக்க ஆரம்பித்தேன். காட்கோபர் வந்ததும், "அப்பா, என்ன கூட்டம் ஏறுது" என்றேன், பக்கத்தில் காலிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே. விக்ரோலியில், "காத்து நல்லா வருதில்ல?" என்றேன். எதிர்பெஞ்சில் ஒரு கிழவர் வடாபாவ் தின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குர்லாவில் உட்கார்ந்து விக்ரோலிக் காற்றைப் புகழ்கிறவனை அவரும் பார்த்திருக்கமாட்டார்.

காஞ்சூர்மார்க் தாண்டும்போது அவர் குரல் தடுமாறியது. "டாக்டர், வருது."

"வரட்டும். இடம் கொடுங்க. காதைத் திறங்க. என்னென்ன சத்தம் கேக்குது, சொல்லுங்க."

"சக்கரச் சத்தம். ஒரு பச்சப்புள்ள அழுவுது. கிளிப் விக்கிறவ கூப்பாடு போடுதா. அப்புறம்..." நிறுத்தினார். "அப்புறம் ஒங்க பக்கம்..."

"என் பக்கம்?"

"ஒண்ணுமில்ல. பேசுங்க டாக்டர். நிறுத்தாதீய. பேசிட்டே இருங்க."

பேசினேன். முலுண்ட், தானே, அந்தப் பாலம். பாலத்தில் வண்டி நிற்கவில்லை, ஆனால் மெதுவாக ஊர்ந்தது. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது, கிழிந்த துணி காற்றில் அடிப்பதுபோல. நான் குர்லாவில் எழுந்து நின்றுகொண்டு, "இதோ நானும் பாலத்துமேலதான் இருக்கேன்" என்றேன். அதை எழுதும்போது இன்றைக்கும் கை கூசுகிறது.

அம்பர்நாத்தில் அவர் குரல் திரும்ப வந்தது. "எறங்கிட்டேன். நீங்க எங்க நிக்கீய?"

"பாலம் தாண்டினதும் ஒரு அவசரப் போன் வந்துதும்மா, இறங்க வேண்டியதாப் போச்சு."

"அப்படியா. சரி. மருமவன் வெளியில நிக்காவ. வச்சிருதேன்."

அன்று மாலை என் நோட்டில் 'நோக்கம் நிறைவேறியது, சிகிச்சையாளர் உடன் பயணித்தார்' என்று எழுதினேன். பயிற்சி எடுத்தவர்கள் கூடும் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு வெற்றிக் கதையாக, மூச்சு லேட்டாக வரும் அறிவிப்பையெல்லாம் நடித்துக் காட்டிச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். மராத்தி அம்மாள் மட்டும், "அந்த ரயிலில் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார். "கூட்டம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பேரன் பிறந்தான் என்று ஒரு செய்தி வந்தது. நாற்பதாம் நாளெல்லாம் முடிந்து தாராவிக்குத் திரும்பியபின் அந்த அம்மா ஒருநாள் மாடிப்படி ஏறி வந்தார். உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேப்பேன். சிரிப்பு காட்டாம பதில் சொல்லணும். அன்னைக்கு எங்க எறங்குனீய?"

"பாலம் தாண்டின்னு..."

"பன்வேல் வண்டி சத்தம் கேட்டுச்சி டாக்டர். நான் காஞ்சூர் தாண்டிப் போயிட்டிருக்கேன், ஒங்க பக்கத்துல பன்வேல் வண்டி வருதுன்னு ஸ்டேஷன் மைக்ல ஒருத்தி சொல்லுதா. காஞ்சூர்ல பன்வேல் வண்டிக்கு என்ன சோலி? அது குர்லாலயே பிரிஞ்சி போற வண்டியில்லா? ஒரு தடவன்னா தப்பாக் கேட்டேன்னு நெனப்பேன். மூணு தடவ. நீங்கதான சத்தத்த எண்ணச் சொன்னீய? எண்ணுனேன்."

வாய்க்குள் ஒரு ஜோக் வந்து நின்றது. என்ன ஜோக் என்று நினைவிருக்கிறது, எழுத மனமில்லை. அதை விழுங்கிவிட்டு, "அப்பவே ஏம்மா போனை வைக்கல?" என்று கேட்டேன்.

"வச்சா நான் தனி ஆளால்லா ஆயிருவேன். பொய்யின்னு தெரியுது. ஆனாலும் ஒரு கொரல் வேணுமே. முலுண்ட்ல எறங்கிருவமான்னு கால் துடிக்கி. எறங்குனா திரும்பயும் வண்டி ஏறணும், கூட யாருமில்ல. புள்ள மொகத்த நெனச்சிக்கிட்டு அப்படியே இருந்துட்டேன். அந்தப் பாலத்துல எனக்கு உசுரு போயித் திரும்புச்சி. அடுத்த பொட்டியில ஆளு இருக்குன்னு நம்பித்தான ஏறுனேன்?"

"எனக்கும் பயம்மா" என்றேன். "ஒன்பது வருஷமா. குர்லா தாண்டினதில்லை."

அவரிடம் கோபம் இருந்தது. அதைவிட, தையல் முடிந்த பையில் துணி தப்பாக வெட்டியிருப்பதைக் கண்டவர் முகம்போல் ஒரு சலிப்பு.

"இத மொத நாளே சொன்னா என்ன? பொண்ணு பாக்கவா வந்தேன், கொற தெரிஞ்சா வேண்டாம்னு போறதுக்கு? ரெண்டு பேரும் சேந்து பயந்துக்கிட்டுப் போயிருப்பம்ல? ஆம்பள பொட்டியாவது ஒண்ணாவது, அதுலயே ஏறி ஒங்க பக்கத்துல நின்னுருப்பேன்."

இன்றைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். டாக்ஸி என்றார். அம்பர்நாத்திலிருந்து வந்ததும் டாக்ஸிதான், மூன்று மணிநேரம். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் ரயில் ஏறவில்லை. "இப்ப பயம் மட்டும் இல்ல டாக்டர். அடுத்த பொட்டியில ஒருத்தரும் இருக்கமாட்டாங்கன்னும் தெரிஞ்சி போச்சி." பேரனை நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கமுடியாது. அதற்காகத்தான் என்னிடம் வந்தார், அதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போகலாம்மா. இந்தத் தடவை பக்கத்துலயே நிப்பேன். இல்லேன்னா வேற நல்ல ஆளா, ஒரு அம்மாவையே அனுப்பறேன்."

"வேற ஆளு வேண்டாம். திரும்ப முதல்லேர்ந்து கதையெல்லாம் சொல்ல எனக்குத் தெம்பில்ல." எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "நீங்க முதல்ல போயிட்டு வாங்க. அம்பர்நாத்ல எறங்கி அங்கேர்ந்து போன் போடுங்க. பொறவு யோசிப்போம். வாயால சொல்ல வேண்டாம், பின்னால என்ன சத்தம் கேக்குன்னு நான் பாத்துக்கிடுதேன்."

அவர் போனபிறகு பர்ஸிலிருந்து அட்டையை எடுத்தேன். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. 'ரயிலில் செத்துவிடுவேன்' என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் அது பெரிய நினைப்பாகவே தெரியவில்லை. அதற்குக் கீழே, 'இது தெரிந்தால் யாரும் என்னிடம் வரமாட்டார்கள்' என்று எழுதினேன். அதுதான் உண்மையானது. மராத்தி அம்மாளுக்குப் போன் செய்து இரண்டு வரியையும் படித்தேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதியதைத் திருத்தச் சொன்னார், ரயில் பயம் உள்ளவர்களை இப்போதைக்கு வேறு ஆளிடம் அனுப்பச் சொன்னார், கூட்டத்தில் உண்மையைச் சொல்லச் சொன்னார். மூன்றையும் செய்தேன். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை.

இப்போது மதிய நேரங்களில் சயானில் போய் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் குறைவு, ஆனால் அன்று தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்தும் மெகா பிளாக் என்று ரயில்வேயே எனக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்துவிடுகிறது, அதனால் வார நாளில்தான். குர்லா தாண்ட இரண்டு மாதம் ஆனது. விக்ரோலியில் காற்று நன்றாகத்தான் வருகிறது, அந்த ஒரு விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. இதுவரை முலுண்ட் வரை போயிருக்கிறேன். முலுண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அவருடைய எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். பேரனுக்கு இந்நேரம் பல் முளைத்திருக்கும். பின்னால் அறிவிப்புப் பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள். முலுண்டிலிருந்து கூப்பிட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்க வண்டிக்காகப் படியேறுவேன்.